ரெவிட் வரைபடங்களில் டக்ட், குழாய் ஆகியவற்றின் நடுக்கோட்டைக் காட்டுவது எப்படி?

ஏர்கண்டிஷனிங் காற்றைக் கொண்டுசெல்லும் பாதையான டக்டைத் தொங்கவிடும் குழுவினர் ஒரு மாடியில் வேலையைத் தொடங்கும்போது, தூண் வரிசையைக் குறிக்கும் கிரிட் கோட்டிலிருந்து டேப் பிடித்து அளந்து, ஸ்லாபின் அடிப்பக்கத்தில் முதலில் குறிப்பது டக்டின் நடுக்கோட்டைத்தான். அக்கோட்டுக்கு இருபுறமும் சம தூரத்தில் துளையிட்டு, ஹேங்கர் கம்பிகளை இறக்கிய பிறகே டக்ட் மேலே ஏறுகிறது. சுவரில் குழாய் நுழைவதற்கான ஸ்லீவ் வைப்பவருக்கும் பீமில் துளை விடுபவருக்கும் தேவைப்படுவது குழாயின் நடுப்புள்ளியே. வரைபடத்தில் இரண்டு விளிம்புகள் மட்டும் இருந்து நடுக்கோடு இல்லாமற்போனால், அகலத்தைப் பாதியாக்கிக் கூட்டிக் கழிக்கும் வேலை சாரத்தின் மேல் நிற்பவர் தலையில் விழுகிறது. அந்தக் கணக்கை வரைபவர் அலுவலகத்திலேயே முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து வளைகுடா நாட்டுக் கட்டடங்களுக்கு வரைபவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும், ஏனெனில் சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொள்ளும் தொலைவில் அவர்கள் இருப்பதில்லை.

கட்டட வடிவமைப்பில் பரவலாகப் புழங்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ரெவிட் மென்பொருளை வைத்தே இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். ஒரு காலத்தில் ரெவிட் எம்.இ.பி. என்ற தனிப் பதிப்பாக விற்கப்பட்ட ஏர்கண்டிஷனிங், மின்சார, குழாய்ப் பணிகளுக்கான கருவிகள் இப்போது ஒரே ரெவிட்டுக்குள் அடங்கியுள்ளன. எனவே கட்டடக்கலைப் பணிக்காக ரெவிட்டை நிறுவியிருப்பவரும் கீழே சொல்லப்படுவனவற்றைச் செய்து பார்க்கலாம். டக்ட் வரையும் கருவிகளே இல்லாத எல்.டி. பதிப்பு மட்டும் இதற்கு விலக்கு.

டக்ட் வரைந்தாகிவிட்டது, ஆனால் நடுக்கோடு தெரியவில்லை என்று புதியவர்கள் கேட்கும்போது, உட்பிரிவில் டிக் போடுங்கள் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்தப் பதில் தவறில்லை என்றாலும் போதாது. கோடு தெரியாமல் போவதற்குக் காட்சியின் டீட்டெயில் லெவல் (எவ்வளவு விவரம் காட்டுவது என்ற நிலை), நடுக்கோட்டுக்கான சென்டர் லைன் உட்பிரிவு, பல காட்சிகளுக்கும் பொதுவான அமைப்பான வியூ டெம்ப்ளேட், எல்போ, டீ போன்ற இணைப்புப் பாகமான ஃபிட்டிங்கின் ஃபேமிலி (அதன் மூல வடிவக் கோப்பு) ஆகிய நான்கில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். இவற்றை இதே வரிசையில் சோதித்தால் நேரம் வீணாகாது.

டீட்டெயில் லெவலை முதலில் பாருங்கள்

தளப்படக் காட்சியைத் திறந்ததும், சாளரத்தின் அடியில் உள்ள சிறு பட்டையில் அளவுவிகிதத்துக்குப் பக்கத்தில் டீட்டெயில் லெவலுக்கான சின்னம் இருக்கும். அதைச் சொடுக்கினால் கோர்ஸ், மீடியம், ஃபைன் என்று மூன்று நிலைகள் வரும். கோர்ஸ் நிலையில் டக்ட், குழாய் இரண்டுமே ஒற்றைக் கோடாகத்தான் தெரியும். மீடியம் நிலைக்கு மாற்றியதும் டக்ட் தன் உண்மையான அகலத்துடன் இரட்டைக் கோடாக விரிகிறது. ஆனால் குழாய் அப்போதும் ஒற்றைக் கோடாகவே நிற்கிறது. ஃபைன் நிலையில்தான் குழாயும் இரண்டு விளிம்புகளுடன் தோன்றும். ஒற்றைக் கோடாகத் தெரியும் வரையில் அந்தக் கோடே நடுவில் ஓடுவதால், தனியாக ஒரு நடுக்கோட்டுக்கு அங்கே இடமில்லை. மீடியம் நிலையில் இருந்துகொண்டு குழாயின் நடுக்கோட்டைத் தேடுபவர் எத்தனை முறை டிக் போட்டு எடுத்தாலும் திரையில் மாற்றம் தெரியாததற்குக் காரணம் இதுவே.

ஒரே காட்சியில் டக்டுக்கு ஒரு நிலையும் குழாய்க்கு வேறு நிலையும் வேண்டுமென்றால், அடுத்துச் சொல்லப்போகும் விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் பெட்டியின் வலதுகோடியில் டீட்டெயில் லெவல் என்றே ஒரு நெடுவரிசை இருக்கிறது. பொதுவாக அதில் காட்சியைப் பின்பற்று என்னும் பொருளில் பை வியூ என்று இருக்கும். குழாய்களின் வரிசையில் மட்டும் அதை ஃபைன் என்று மாற்றிவிட்டால், காட்சி மீடியத்திலேயே இருக்க, குழாய்கள் மட்டும் இரட்டைக் கோடாகிவிடும். குழாய் ஃபிட்டிங், குழாய் ஆக்சஸரி ஆகிய வரிசைகளிலும் அதே மாற்றத்தைச் செய்ய வேண்டும். மறந்தால் நேரான பகுதி இரட்டையாகவும் எல்போவும் வால்வும் ஒற்றையாகவும் தெரிந்து, வரைபடம் பிய்ந்து போனதுபோல் இருக்கும்.

எல்லாக் குழாய்களுக்கும் நடுக்கோடு தேவையா என்பதையும் இந்த இடத்திலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. 1:100 அளவுவிகிதத்தில் 100 மி.மீ. விட்டமுள்ள குழாய், தாளில் 1 மி.மீ. அகலமே எடுத்துக்கொள்ளும். அந்த 1 மி.மீ. இடைவெளிக்குள் இரண்டு விளிம்புக் கோடுகளும் அவற்றின் நடுவே இன்னொரு கோடும் விழுந்தால், அச்சில் மூன்றும் ஒட்டித் தடித்த ஒரே பட்டையாகிவிடும். 50 மி.மீ. குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அத்தகைய தளப்படங்களில் குழாய்களை ஒற்றைக் கோடாகவே விட்டுவிட்டு, டக்டுகளுக்கு மட்டும் நடுக்கோட்டை இயக்குவதே என் வழக்கம். மீடியம் நிலை இதற்கென்றே அமைந்ததுபோல் பொருந்துகிறது. பம்ப் அறை, சில்லர் அறை போன்றவற்றை 1:20 அளவில் பெரிதாக்கிக் காட்டும்போது, அதே 100 மி.மீ. குழாய் தாளில் 5 மி.மீ. அகலம் பெறுகிறது. அங்கே நடுக்கோடு தெளிவாக விழும். ஃபிளாஞ்சும் வால்வும் நெருங்கி நிற்கும் இடத்தில் அது இல்லாமல் அளவு குறிப்பதும் கடினம்.

உட்பிரிவை இயக்குதல்

காட்சி திறந்திருக்கும்போது விசைப்பலகையில் வி, ஜி ஆகிய எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டினால் விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் பெட்டி திறக்கும். வியூ தாவலில் உள்ள பொத்தானைச் சொடுக்கியும் அதை அடையலாம். முதல் பக்கமான மாடல் கேட்டகரிஸ் பக்கத்தின் மேலே, எந்தெந்தத் துறையின் பிரிவுகளைப் பட்டியலிட வேண்டும் என்று கேட்கும் ஒரு வடிகட்டிப் பட்டியல் இருக்கிறது. அதில் ஆர்க்கிடெக்சர் மட்டும் தேர்வாகியிருந்தால் கீழே டக்ட் என்ற பெயரே காணக் கிடைக்காது. மெக்கானிக்கல், பைப்பிங் இரண்டையும் தேர்ந்தெடுத்த பிறகே தேட வேண்டும்.

டக்ட்ஸ் என்ற வரிசையின் இடப்பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைச் சொடுக்கினால் அது விரிந்து, சென்டர் லைன், கான்டூர், டிராப், ரைஸ் என்னும் உட்பிரிவுகள் தெரியும். அவற்றில் சென்டர் லைனுக்கு எதிரே டிக் போடுங்கள். அத்துடன் நின்றுவிடக் கூடாது. ரெவிட்டைப் பொறுத்தவரை நேரான டக்ட் ஒரு பிரிவு, எல்போ, டீ, ரெடியூசர் முதலிய ஃபிட்டிங்குகள் இன்னொரு பிரிவு, வளையும் ஃபிளெக்ஸ் டக்ட் மற்றொரு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சென்டர் லைன் உட்பிரிவு உண்டு. டக்ட்ஸ், டக்ட் ஃபிட்டிங்ஸ், ஃபிளெக்ஸ் டக்ட்ஸ் ஆகியவற்றிலும், குழாய்க்கு வேண்டுமானால் பைப்ஸ், பைப் ஃபிட்டிங்ஸ், ஃபிளெக்ஸ் பைப்ஸ் ஆகியவற்றிலும் ஒவ்வொன்றாக விரித்து டிக் போட்ட பிறகே பெட்டியை மூட வேண்டும். பட்டறையில் செய்யப்படும் துண்டுகளைக் குறிக்கும் ஃபேப்ரிகேஷன் பாகங்களைக் கொண்டு வரைந்திருந்தால் அவை இவற்றில் எதிலும் சேராமல், எம்.இ.பி. ஃபேப்ரிகேஷன் என்று தொடங்கும் தனிப் பிரிவுகளின் கீழ் இருக்கும். ஷாப் டிராயிங் தயாரிக்கும் அலுவலகங்களில் சேரும் புதியவர்கள் அங்கேயும் பார்க்க வேண்டும்.

டக்டே தெரியவில்லை என்றால் பிரச்சினை நடுக்கோட்டில் இல்லை. காட்சியில் எந்த உயரம்வரை தெரியும் என்பதைச் சொல்லும் வியூ ரேஞ்சின் மேல் எல்லை டக்டின் உயரத்தை எட்டுகிறதா, துறையைக் குறிக்கும் டிசிப்ளின் என்ற பண்பு மெக்கானிக்கல் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

டிக் போட முடியாமல் சாம்பல் நிறத்தில் இருந்தால்

அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவர் அதிகமாகத் தடுக்கி நிற்கும் இடம் இது. விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் பெட்டி திறக்கிறது, சென்டர் லைன் வரிசையும் தெரிகிறது, ஆனால் டிக் போடும் கட்டம் மங்கிப் போய்ச் சொடுக்கலை ஏற்க மறுக்கிறது. அந்தக் காட்சிக்கு ஒரு வியூ டெம்ப்ளேட் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். காட்சியின் பண்புகள் பலகத்தில் ஐடென்டிட்டி டேட்டா என்ற பகுதியில் வியூ டெம்ப்ளேட்டின் பெயரைப் பார்க்கலாம்.

அந்தப் பெயரைச் சொடுக்கி நன் (எதுவுமில்லை) என்று மாற்றி, டெம்ப்ளேட்டைக் கழற்றிவிட்டு, டிக் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மாடிக்குக் கழற்றினால் அந்த மாடி மட்டும் மற்றவற்றிலிருந்து விலகிப் போகிறது. பின்னொரு நாள் திட்டத் தலைவர் டெம்ப்ளேட்டில் செய்யும் மாற்றம் எதுவும் அந்தக் காட்சியை வந்தடையாது. பத்து மாடிகளில் ஒன்பதில் ஒரு வகைக் கோடும் ஒன்றில் வேறு வகைக் கோடும் அச்சாகி வருவது பெரும்பாலும் இவ்வாறுதான் நேர்கிறது. நடுக்கோடு அந்த வரைபடத் தொகுதி முழுவதற்கும் தேவை என்றால், டெம்ப்ளேட்டையே திறந்து, அதற்குள் வி/ஜி ஓவர்ரைட்ஸ் மாடல் என்ற வரிசையின் எடிட் பொத்தானைச் சொடுக்கி, மேலே சொன்ன உட்பிரிவுகளை அங்கே இயக்குங்கள். அந்த டெம்ப்ளேட்டைப் பயன்படுத்தும் எல்லாக் காட்சிகளிலும் கோடு ஒரேயடியாக வந்துவிடும். டீட்டெயில் லெவலும் டெம்ப்ளேட்டின் கட்டுப்பாட்டில் இருக்கக்கூடும் என்பதால் அந்த வரிசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டெம்ப்ளேட்டை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லாவிட்டாலோ, ஓர் அளவைச் சரிபார்க்க மட்டும் நடுக்கோடு தேவைப்பட்டாலோ, காட்சியின் அடிப்பட்டையில் உள்ள டெம்ப்பரரி வியூ ப்ராப்பர்ட்டீஸ் என்ற வசதி போதும். அதை இயக்கியதும் காட்சியைச் சுற்றி ஒரு வண்ணச் சட்டம் தோன்றும். அதன் பிறகு நீங்கள் விரும்பியவாறு டிக் போட்டுப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததும் அதை அணைத்தால் காட்சி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நடுக்கோடுள்ள படமும் இல்லாத படமும் தொடர்ந்து தேவைப்படும் திட்டங்களில், ஒருங்கிணைப்புக்கு ஒன்றும் சைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு டெம்ப்ளேட்டுகளை வைத்துக்கொள்வதே நீண்ட நாள் நிற்கும் தீர்வு.

கோட்டின் தோற்றத்தை அமைத்தல்

கோடு தெரியத் தொடங்கியதும் அது விளிம்புக் கோட்டைப் போலவே தொடர்கோடாகவும் அதே தடிமனிலும் இருக்கக் கண்டால், ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ் பக்கம் போக வேண்டும். மேனேஜ் தாவலில் உள்ள அந்தப் பெட்டியில் ஒவ்வொரு பிரிவுக்கும் உட்பிரிவுக்கும் கோட்டுத் தடிமன், நிறம், கோட்டு வகை ஆகியவற்றைத் திட்டம் முழுமைக்குமாக அமைக்கலாம். டக்டின் சென்டர் லைன் வரிசையில் தடிமன் எண்ணை 1 என்று வைத்து, விளிம்புக் கோட்டுக்கு 3 அல்லது 4 என்று வைத்தால் இரண்டும் கண்ணுக்குத் தெளிவாகப் பிரியும். மாடல் கோடுகளுக்கு ரெவிட்டில் 1 முதல் 16 வரை தடிமன் எண்கள் உள்ளன. ஒவ்வோர் எண்ணும் எந்த அளவுவிகிதத்தில் எத்தனை மி.மீ. தடிமன் என்பதை லைன் வெயிட்ஸ் பட்டியலில் காணலாம். தடிமனை மாற்றியும் திரையில் வேறுபாடு தெரியவில்லை என்றால் தின் லைன்ஸ் என்ற நிலை இயங்கிக்கொண்டிருக்கும். டி, எல் ஆகிய எழுத்துகளைத் தட்டி அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கோட்டு வகையைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிதானம் தேவை. நீளக்கோடு, இடைவெளி, சிறுகோடு, இடைவெளி என்று மாறி மாறி வருவதே நடுக்கோட்டுக்கு உலகெங்கும் புழங்கும் வடிவம். ரெவிட்டில் இந்த நீளங்கள் கட்டடத்தின் அளவில் அல்லாமல் தாளின் அளவில் கொடுக்கப்படுகின்றன. நீளக்கோடு 12 மி.மீ., இடைவெளி 2 மி.மீ., சிறுகோடு 3 மி.மீ., இடைவெளி 2 மி.மீ. என்று அமைந்த ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று முடிய 19 மி.மீ. ஆகிறது. 1:100 அளவுவிகிதத்தில் அது 1.9 மீட்டர் நீள டக்டுக்குச் சமம். இரண்டு ஃபிட்டிங்குகளுக்கு நடுவே 0.6 மீட்டர் நீளமே உள்ள ஒரு துண்டு டக்ட் தாளில் 6 மி.மீ. மட்டுமே இருக்கும், அதில் நீளக்கோட்டின் பாதிதான் விழும், இடைவெளி வரவே வராது. ஒவ்வொரு டக்டும் தனி உறுப்பு என்பதால் கோட்டு வகை அடுத்த துண்டில் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. விளைவாக, ஃபிட்டிங் நெருக்கமாக உள்ள பகுதிகளிலெல்லாம் நடுக்கோடு வெறும் தொடர்கோடாகத் தெரிந்து, டக்டின் விளிம்போ சுவரோ என்று மயங்க வைக்கும்.

இதற்காகவே நடுக்கோட்டுக்கென ஒரு குறுகிய வகையை உருவாக்கிக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். மேனேஜ் தாவலில் அடிஷனல் செட்டிங்ஸ் பட்டியலில் லைன் பேட்டர்ன்ஸ் என்பதைத் திறந்து, புதிய பெயர் கொடுத்து, முதல் வரிசையில் டேஷ் 6 மி.மீ., அடுத்து ஸ்பேஸ் 1.5 மி.மீ., பிறகு டேஷ் 1.5 மி.மீ., மீண்டும் ஸ்பேஸ் 1.5 மி.மீ. என்று நிரப்புங்கள். சுற்று 10.5 மி.மீ. ஆகச் சுருங்குவதால், 1:50 அளவுவிகிதத்தில் அரை மீட்டருக்குச் சற்று அதிகமான துண்டிலேயே முழு வடிவமும் தெரிந்துவிடும். டேஷுக்குப் பதிலாக டாட் என்று தேர்ந்தெடுத்தால் அதற்கு நீளம் கேட்கப்படாது. மென்பொருளே ஒரு சிறு புள்ளியை வைத்துக்கொள்ளும். ஆனால் அச்சில் புள்ளி காணாமல் போகும் வாய்ப்பு அதிகம் என்பதால் சிறுகோட்டையே நான் விரும்புகிறேன். உருவாக்கிய வகையை ஆப்ஜெக்ட் ஸ்டைல்ஸ் பெட்டியில் எல்லாச் சென்டர் லைன் உட்பிரிவுகளுக்கும் கொடுத்துவிடுங்கள்.

சப்ளை காற்றுக்கு ஒரு நிறம், ரிட்டர்ன் காற்றுக்கு ஒரு நிறம் என்று ஃபில்டர் மூலம் வண்ணம் பிரித்திருக்கும் காட்சிகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபில்டர் என்பது உறுப்பு முழுவதின் மேலும் செயல்படுவது. அதில் கோட்டு வகையையும் தடிமனையும் சேர்த்து மாற்றினால், நடுக்கோட்டுக்கென்று நீங்கள் அமைத்த தோற்றம் அடிபட்டுப் போகக்கூடும். ஆகவே ஃபில்டரில் நிறத்தை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் தொடாமல் விடுங்கள். சிறிய டக்டுகளில் நடுக்கோட்டை மட்டும் அணைத்துவிட்டுப் பெரியவற்றில் வைத்துக்கொள்ள ஃபில்டர் உதவுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். உறுப்பைத் தேர்ந்தெடுக்கும் ஃபில்டரால் அதன் ஓர் உட்பிரிவை மட்டும் பிரித்து அணைக்க இயலாது.

எல்போவிலும் டீயிலும் கோடு அறுந்து போனால்

எல்லா உட்பிரிவுகளையும் இயக்கிய பிறகும், நேர் டக்டில் வரும் நடுக்கோடு எல்போவை நெருங்கியதும் நின்று, எல்போவுக்கு அப்பால் மறுபடியும் தொடங்குவதைச் சில திட்டங்களில் காணலாம். நேர் டக்டும் குழாயும் ரெவிட்டின் உள்ளேயே அமைந்த சிஸ்டம் ஃபேமிலிகள். அவற்றின் நடுக்கோட்டை மென்பொருளே கணித்து வரைகிறது. ஃபிட்டிங்குகளோ வெளியிலிருந்து ஏற்றப்படும் ஃபேமிலிகள். அவற்றுக்குள் யாரேனும் ஒருவர் நடுக்கோட்டை வரைந்து, அதைச் சென்டர் லைன் உட்பிரிவில் சேர்த்திருந்தால் மட்டுமே அது காட்சியில் வரும். தயாரிப்பு நிறுவனங்களின் இணையதளங்களிலிருந்து இறக்கிக்கொண்ட ஃபேமிலிகளில் இந்தக் கோடு விடுபட்டிருப்பது சாதாரணம்.

சரிசெய்வது கடினமன்று. அறுந்துள்ள ஃபிட்டிங்கைத் தேர்ந்தெடுத்து எடிட் ஃபேமிலி பொத்தானைச் சொடுக்கினால் ஃபேமிலி எடிட்டர் திறக்கும். தளப்படக் காட்சியில், டக்டோ குழாயோ வந்து இணையும் இடமான கனெக்டரின் நடுவிலிருந்து மறு கனெக்டரின் நடுவரைக்கும் கோடு வரைய வேண்டும். எல்போவாக இருந்தால் அது வில்லாகவும், டீயாக இருந்தால் நேர்கோடும் அதன் நடுவில் சந்திக்கும் கிளைக்கோடுமாகவும் அமையும். வரையத் தொடங்கும் முன், ரிப்பனில் உள்ள சப்கேட்டகரி பட்டியலில் சென்டர் லைன் என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். சிம்பாலிக் லைனாக வரைந்தால் அது வரையப்பட்ட காட்சிக்கு இணையான காட்சிகளில் மட்டுமே தெரியும். செக்‌ஷன் படத்திலும் கோடு வேண்டுமானால் மாடல் லைனாக வரைய வேண்டும். கோட்டின் முனைகளை ரெஃபரன்ஸ் தளங்களுடன் அலைன் செய்து பூட்டிவிடுவது கட்டாயம். பூட்டாமல் விட்டால், 300 மி.மீ. டக்டில் சரியாக நிற்கும் கோடு 600 மி.மீ. டக்டில் இடம் பெயர்ந்து நிற்கும்.

அடுத்து, வரைந்த கோட்டைத் தேர்ந்தெடுத்து விசிபிலிட்டி செட்டிங்ஸ் பெட்டியைத் திறந்து, டக்ட் ஃபிட்டிங்காக இருந்தால் கோர்ஸ் நிலையின் டிக்கை எடுத்துவிட்டு மீடியம், ஃபைன் இரண்டையும் வைத்திருங்கள். குழாய் ஃபிட்டிங்காக இருந்தால் ஃபைன் மட்டும் போதும். ஒற்றைக் கோட்டு நிலையில் ஃபிட்டிங்குக்கு ஏற்கெனவே ஒரு கோடு இருப்பதால், இதைச் செய்யாவிட்டால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பின்னர் அளவுகளை மாற்றி மாற்றிச் சோதித்துப் பார்த்துவிட்டு, லோட் இன்டு ப்ராஜெக்ட் கொடுத்து, பழையதன்மேல் எழுதட்டுமா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லுங்கள். திட்டத்தில் அந்த வகை ஃபிட்டிங் எத்தனை இடங்களில் இருந்தாலும் அத்தனையிலும் கோடு இணைந்துவிடும். திருத்திய ஃபேமிலியை அலுவலகத்தின் பொது நூலகத்திலும் சேமித்து வையுங்கள்; அடுத்த திட்டத்தில் இன்னொருவர் இதே வேலையைச் செய்ய வேண்டியதில்லை.

நடுக்கோட்டிலிருந்து அளவு குறித்தல்

டி, ஐ ஆகிய எழுத்துகளைத் தட்டி அலைன்டு டைமென்ஷன் கருவியை எடுத்து, முதலில் கிரிட் கோட்டைச் சொடுக்கி, பிறகு சுட்டியை டக்டின் நடுக்கோட்டின் மேல் கொண்டு செல்லுங்கள். விளிம்பு ஒளிர்ந்தால் சொடுக்காமல் டேப் விசையைத் தட்டித் தட்டி நடுக்கோடு ஒளிரும் வரை மாற்றிய பிறகே சொடுக்க வேண்டும். எது ஒளிர்கிறது என்பதைச் சாளரத்தின் அடியில் உள்ள நிலைப்பட்டையும் சொல்லும். கருவியின் மேலே வால் சென்டர்லைன்ஸ் என்று தெரியும் தேர்வு சுவர்களுக்கு மட்டுமே உரியது. அதை மாற்றுவதால் டக்டில் எதுவும் நடக்காது.

600 மி.மீ. அகலமுள்ள ஒரு டக்டின் நடுக்கோடு கிரிட்டிலிருந்து 1500 மி.மீ. தள்ளி இருப்பதாகக் கொள்வோம். விளிம்புகள் 1200, 1800 என்ற இடங்களில் விழுகின்றன. 25 மி.மீ. இன்சுலேஷன் சுற்றினால் வெளிவிளிம்புகள் 1175, 1825 ஆகின்றன. வடிவமைப்பாளர் அகலத்தை 500 ஆகக் குறைத்தால் அவை மீண்டும் மாறுகின்றன. இவ்வளவு மாற்றங்களுக்கும் நடுவில் 1500 மட்டும் அசையாமல் இருக்கிறது. திருத்தங்கள் ஓயாத திட்டங்களில் நடுக்கோட்டு அளவை நம்பலாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த 1500 அசையாமல் இருப்பது டக்ட் நடுவை வைத்து வரையப்பட்டிருந்தால்தான். டக்ட் வரையும்போது ஜஸ்டிஃபிகேஷன் என்ற அமைப்பில் கிடைமட்டமாக இடது, நடு, வலது என்றும், செங்குத்தாக மேல், நடு, கீழ் என்றும் தேர்வுகள் உண்டு. சுவரை ஒட்டிச் செல்ல வேண்டும் என்பதற்காக ஒரு பக்கத்தை நேராக வைத்து, 600க்கு 400 மி.மீ. டக்டை 400க்கு 300 ஆகக் குறைத்தால், தளப்படத்தில் நடுக்கோடு ரெடியூசருக்கு அப்பால் 100 மி.மீ. விலகி ஓடும். அடிப்பக்கத்தை ஒரே மட்டத்தில் வைத்திருந்தால் செக்‌ஷனில் நடுக்கோடு 50 மி.மீ. கீழே இறங்கும். இவை பிழையல்ல, ஆனால் ரெடியூசருக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக அளவு குறிக்காவிட்டால், முதல் அளவை வைத்தே கடைசிவரை கயிறு பிடித்துவிடுவார்கள்.

உயரத்துக்கு மட்டும் நடுக்கோட்டை நம்பச் சொல்ல மாட்டேன். பண்புகள் பலகத்தில் மிடில் எலிவேஷன் என்று நடுவின் உயரம் கிடைக்கும் என்றாலும், ஃபால்ஸ் சீலிங்குக்கும் டக்டுக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை முடிவு செய்வது டக்டின் அடிமட்டமே. எனவே தளப்படத்தில் இடத்தை நடுக்கோட்டாலும், டக்டின் மேல் எழுதும் குறிப்பான டேகில் உயரத்தை அடிமட்டத்தாலும் கொடுப்பது சைட்டில் இருப்பவருக்கு எளிது. சரிவாக ஓடும் கழிவுநீர்க் குழாய்களுக்கு உட்புற அடிமட்டமான இன்வர்ட் அளவைக் கொடுக்க வேண்டும்.

லிங்க், டி.டபிள்யூ.ஜி., அச்சு

ஏர்கண்டிஷனிங் மாடல் வேறொரு கோப்பாக லிங்க் செய்யப்பட்டிருந்தால், விசிபிலிட்டி கிராஃபிக்ஸ் பெட்டியின் ரெவிட் லிங்க்ஸ் பக்கத்தில் அந்த லிங்கின் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பை ஹோஸ்ட் வியூ என்றிருந்தால் உங்கள் காட்சியின் டிக்குகளே அதற்கும் செல்லும்; பை லிங்க்டு வியூ என்றிருந்தால் அந்தக் கோப்பின் காட்சியில் உள்ளபடிதான் தெரியும்; கஸ்டம் என்று மாற்றினால் அந்த லிங்குக்கு மட்டும் சென்டர் லைனைத் தனியே இயக்கலாம். ஆட்டோகேட் கோப்பு வடிவமான டி.டபிள்யூ.ஜி. ஆக ஏற்றுமதி செய்யும்போது, ஏற்றுமதி அமைப்பில் சென்டர் லைன் உட்பிரிவுகளுக்குத் தனி லேயர் பெயர் கொடுத்துவிட்டால், ஆட்டோகேட் வைத்திருக்கும் ஒப்பந்ததாரர் வேண்டும்போது அதை அணைத்துக்கொள்வார்.

ஷீட்டை வெளியிடுவதற்கு முன் ஒருமுறை ஏ3 தாளில் அச்சிட்டுப் பாருங்கள். ஏ1 ஷீட்டுகளைச் சைட் அலுவலகங்களில் பெரும்பாலும் ஏ3 ஆகச் சுருக்கித்தான் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். அப்போது எல்லா நீளங்களும் பாதியாகி, நடுக்கோட்டின் 1.5 மி.மீ. இடைவெளி 0.75 மி.மீ. ஆகிவிடும். அந்த அச்சில் இடைவெளிகள் அடைபட்டு நடுக்கோடு தொடர்கோடாகத் தெரிந்தால், லைன் பேட்டர்னில் ஸ்பேஸ் அளவுகளை மட்டும் 2 அல்லது 2.5 மி.மீ. ஆகக் கூட்டி மீண்டும் அச்சிட்டுப் பாருங்கள்.